அகழியும் அகழெலியும்

வா கண்ணு, இப்படித் திண்ணையில் உட்கார். உன்னிடம் ஒரு கேள்வி.

உங்கள் தெருவில் எப்போதாவது ஒரு கல்யாணம் நடந்திருக்கும். வாசலில் பந்தக்கால் நட்டிருப்பார்கள். கடப்பாரையால் முழ ஆழத்துக்குக் குழி போட்டு, கம்பை நிறுத்தி, மண்ணைத் தள்ளி மிதித்திருப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் கம்பைப் பிடுங்கிவிட்டுக் குழியை மூடியிருப்பார்கள். பிறகு எல்லாரும் அதை மறந்தே போயிருப்பார்கள்.

முதல் மழை பெய்த மறுநாள் அந்த இடத்தைப் போய்ப் பார். அங்கே மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். இன்னும் ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார். அங்கே மட்டும் புல் ஒரு விரல் உயரம் கூடுதலாக வளர்ந்திருக்கும். ஏன் அப்படி?

யோசித்தாயா? சபாஷ்! நீ கெட்டிக்காரப் பிள்ளை என்று எனக்கு முன்பே தெரியும். ஒருமுறை தோண்டிய மண்ணை என்னதான் மிதித்து மூடினாலும் அது பழையபடி இறுகாது. உள்ளே இடைவெளி இருக்கும். மழை பெய்தால் மண் அமுங்கிப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஈரம் சேரும். ஈரம் இருக்கிற இடத்துக்குப் புல் ஓடி வரும்.

ஒரு பந்தக்கால் குழிக்கே இப்படி என்றால், ஒரு வீட்டைச் சுற்றிலும் பத்து மீட்டர் அகலத்துக்கு அகழி வெட்டினால் என்ன ஆகும்? அதுவும் 700 வருஷத்துக்கு முன்னால் வெட்டினால்?

அதைப் பார்க்க நாம் இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டும். கையைப் பிடித்துக்கொள்.

இதோ ஒரு பச்சைப் புல்வெளி. ஆடுகள் மேய்கின்றன. ஓரத்தில் ஒரு வேலி, அதற்கு அப்பால் ஒரு சின்ன தேவாலயம். வேறு ஒன்றுமே இல்லை. ‘இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தீர்கள்?’ என்று உதட்டைப் பிதுக்காதே. தரையைப் பார். சமமாக இருக்கிறதா? இல்லை. ஒரு பெரிய சதுரத் திட்டு கொஞ்சம் மேடாக இருக்கிறது. அதைச் சுற்றிலும் நாலு பக்கமும் அகலமான பள்ளம் ஓடுகிறது. ஒரு மூலையில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. ஒரு இடத்தில் மட்டும் பள்ளம் அறுந்து, பாதை போல மேடாக இருக்கிறது.

நெளிந்துபோன இட்லித் தட்டைப் பச்சைப் போர்வையால் மூடி வைத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? அந்தப் போர்வைக்குள் ஒரு பிரபுவின் வீடு தூங்குகிறது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் நிலத்தில் பெரும்பகுதி அரசர் கையிலும், அவருக்குக் கீழே பிரபுக்கள் கையிலும் இருந்தது. ஒரு பிரபு தன் நிலபுலனைப் பார்த்துக்கொள்ளக் கட்டிய வீட்டுக்கு ‘மேனர்’ என்று பெயர். நம் ஊரில் ஜமீன் பங்களா என்கிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஊர் வழக்குகளை விசாரிப்பது அங்கேதான். குடியானவர்கள் வாரம் கொண்டுவந்து அளப்பதும் அங்கேதான். பெரிய கூடம், அடுப்படி, தானியக் களஞ்சியம், சின்ன வழிபாட்டு அறை எல்லாம் இருக்கும். சுற்றிலும் அகழி. அகழியின் மேல் ஒரு பாலம்.

இப்படி அகழி சூழ்ந்த இடங்கள் இங்கிலாந்தில் எத்தனை தெரியுமா? ஏறக்குறைய 6,000! அவற்றில் பெரும்பாலானவை 1250-லிருந்து 1350-க்குள் வெட்டியவை. களிமண் பூமியில்தான் அவை நிறைய இருக்கின்றன. காரணத்தை நீயே சொல்லிவிடுவாய். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிசைந்திருக்கிறாய் அல்லவா? களிமண் தண்ணீரைக் கீழே விடாது. மணல் பூமியில் அகழி வெட்டினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

‘எதிரி படையெடுத்து வந்தால் தடுக்கத்தானே அகழி?’ என்று கேட்பாய். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். நிஜம் கொஞ்சம் வேடிக்கையானது. திருடனையும் ஊர்ச் சண்டைக்காரனையும் தடுக்க அகழி போதும். பெரிய படையைத் தடுக்க அது போதாது. பெரும்பாலும் அது பெருமைக்காக வெட்டியது. ‘என் வீட்டுக்கும் அகழி இருக்கிறது பார்’ என்று பக்கத்து ஊர்ப் பிரபுவுக்குக் காட்டத்தான்!

இதில் அரசருக்கும் ஒரு பங்கு உண்டு. கோட்டை மதிலின் உச்சியைப் படத்தில் பார்த்திருப்பாய். பல் வரிசை மாதிரி மேடும் இடைவெளியுமாக இருக்கும். மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இடைவெளி வழியாக அம்பு விடலாம். மதிலில் அம்பு எய்ய அமைக்கிற இந்த மாதிரி மறைவிடத்துக்குப் பழைய தமிழில் ‘ஞாயில்’ என்று அழகான பெயர் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருவர் தம் வீட்டு மதிலில் இப்படிப் பல் வரிசை கட்ட வேண்டுமானால் அரசரிடம் அனுமதிச் சீட்டு வாங்குவது வழக்கம். அந்தச் சீட்டே ஒரு பட்டம் மாதிரி. வாங்கியவர் மீசையை முறுக்கிக்கொள்ளலாம்.

லாரன்ஸ் என்று ஒரு கம்பளி வியாபாரி இருந்தார். ஆட்டு ரோமத்தை விற்றே பெரிய பணக்காரர் ஆனவர். 1291-ல் முதலாம் எட்வர்ட் அரசரிடம் அனுமதி வாங்கி, ஷ்ராப்ஷயர் பகுதியில் தம் மேனர் வீட்டுக்கு மதிலும் கோபுரமும் கட்டினார். ஸ்டோக்சே என்று அதற்குப் பெயர். அது இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் அதன் கூடத்தில் எவ்வளவு பெரிய சன்னல்கள் தெரியுமா! உண்மையாகவே சண்டைக்குப் பயந்த ஆள் அவ்வளவு பெரிய சன்னல் வைப்பாரா? பாவம், லாரன்ஸ் அந்த வீட்டில் அதிக நாள் வாழவில்லை. 1294-ல் கம்பளி ஏற்றிப் போன கப்பல் மூழ்கி இறந்துபோனார்.

சரி, இங்கே ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதே, பெருக்கல்தான். ஒரு அகழி மொத்தம் 200 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார். 4,000 கன மீட்டர் வருகிறதா? கரைகள் சரிவாக இருக்கும் என்பதால் ஆயிரத்தைக் கழித்துவிடு. மிச்சம் 3,000. ஒரு லாரியில் 10 கன மீட்டர் மண் ஏறும் என்றால் 300 லாரி மண்! இயந்திரம் எதுவும் கிடையாது. மரத்தால் செய்து, ஓரத்தில் மட்டும் இரும்புப் பட்டை அடித்த மண்வெட்டியால் வெட்டினார்கள். வெட்டியவர்களின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. பிரபுவின் பெயர் மட்டும் இருக்கிறது. எனக்கு இது எப்போதும் கொஞ்சம் உறுத்தும்.

அந்த 300 லாரி மண்ணை என்ன செய்தார்கள்? தூரத்துக்கு எடுத்துப் போக யாரால் முடியும்? உள்பக்கமே கொட்டினார்கள். அதனால் நடுவில் இருக்கிற நிலம் உயர்ந்தது. நீ பார்த்த மேட்டுத் திட்டு அதுதான். பள்ளமும் மேடும் ஒரே மண். புரிகிறதா? புரியாவிட்டால் இன்னொரு தரம் படி. நான் காத்திருக்கிறேன்.

வீடு எங்கே போயிற்று? ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதை உண்டு. 1348-49-ல் இங்கிலாந்தைக் கொள்ளை நோய் தாக்கியது. மூன்றில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். வயலில் இறங்க ஆளில்லை. சில பிரபுக்களுக்கு வேறு ஊரில் இன்னும் நல்ல வீடு கிடைத்தது. சில குடும்பங்களில் வாரிசே இல்லை. காரணம் எதுவானாலும், ஆள் இல்லாத வீடு சீக்கிரம் விழும். விழுந்த வீட்டில் செதுக்கிய கல் கிடந்தால் ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? வண்டி கட்டிக்கொண்டு வந்து அள்ளிப் போனார்கள். அந்தக் கல் எல்லாம் இப்போது யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகைச் சுவரில் இருக்கும்.

கார்ன்வால் பகுதியில் பென்ஹாலம் என்று ஒரு மேனர். கார்டினம் என்ற குடும்பம் 12-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கியது. நடுவில் முற்றம், அதன் நாலு பக்கமும் கட்டடங்கள், சுற்றி அகழி, வாசலில் தூக்குப்பாலம். 14-ம் நூற்றாண்டின் நடுவில் அதைக் கைவிட்டார்கள். மரங்கள் வளர்ந்து மூடிவிட்டன. 1968-லிருந்து சில வருஷங்கள் கை பெரஸ்போர்ட் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டினார். முழங்கால் உயரச் சுவர்கள்தான் மிச்சம். ஆனால் வீட்டின் முழு வரைபடமும் தரையில் அப்படியே கிடைத்தது! எது கூடம், எது அடுப்படி, எது வழிபாட்டு அறை என்று நடந்தே பார்க்கலாம். யாரும் பிறகு அங்கே வந்து மாற்றிக் கட்டவில்லை என்பதுதான் அதன் அதிர்ஷ்டம். அகழியில் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். 700 வருஷமாக மழை பெய்கிறது, பனி உறைகிறது, ஆடு மிதிக்கிறது. மேடு கரைந்து பள்ளத்தில் விழுந்து எல்லாம் சமமாகி இருக்க வேண்டாமா? ஏன் ஆகவில்லை?

வீடு கட்டுகிற இடத்தில் லாரியிலிருந்து மணல் கொட்டுவதைப் பார்த்திருப்பாய். குவியலின் உச்சியில் ஒரு கைப்பிடி மணல் போடு. சரசரவென்று வழிந்து ஓடும். அடியில் ஓரத்தில் போடு. போட்ட இடத்திலேயே கிடக்கும். உலர்ந்த மணல் குவியலின் சரிவு ஏறக்குறைய 34 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்காது. அதைவிடச் சரிவு அதிகமானால் வழியும். குறைந்தால் நிற்கும்.

புது அகழியின் கரையில் சரிவு அதிகம். அதனால் முதல் சில வருஷங்களில் மண் மளமளவென்று விழும். விழ விழச் சரிவு குறையும். சரிவு குறையக் குறைய விழுவதும் குறையும். அதற்குள் புல் வந்துவிடும். புல்லின் வேர் மண்ணை அம்மா பின்னிவிட்ட சடை மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எதுவும் அவ்வளவு சுலபமாக நகராது.

‘அப்படித்தான் நடந்தது என்று எப்படித் தெரியும்? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்களா?’

அடடா, என்ன கேள்வி! ஒரு விஞ்ஞானி கேட்க வேண்டிய கேள்வி இது. ஆமாம், பார்த்தார்கள். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்!

1960-ல் வில்ட்ஷயர் பகுதியில் ஓவர்டன் டவுன் என்ற இடத்தில் சில விஞ்ஞானிகள் சேர்ந்து புதிதாக ஒரு பள்ளம் வெட்டினார்கள். பக்கத்தில் ஒரு மண்மேடு போட்டார்கள். மேட்டுக்குள்ளே துணி, தோல், கயிறு, மரத்துண்டு, எலும்பு என்று பல பொருள்களைப் புதைத்தார்கள். எல்லாவற்றையும் அளந்து எழுதினார்கள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்கள். திட்டம் இதுதான்: 2 வருஷம் கழித்து ஒரு ஓரத்தை வெட்டிப் பார்ப்பது. பிறகு 4, 8, 16, 32, 64, கடைசியில் 128-வது வருஷம்.

ஏன் இப்படி இரட்டிப்பாகப் போகிறார்கள்? நான் இப்போதுதான் சொன்னேனே, மாற்றம் முதலில் வேகம், பிறகு மெதுவு. அதனால் முதலில் அடிக்கடி பார்க்க வேண்டும். பிறகு நிதானமாகப் பார்த்தால் போதும். கடைசியாக வெட்டிப் பார்க்க வேண்டிய வருஷம் 2088. கூட்டிப் பார், சரியாக வரும். திட்டம் போட்டவர்கள் ஒருவர்கூட அதைப் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்க மாட்டேன். நீ பார்க்கலாம். அப்போது உனக்கு எத்தனை வயது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு வை.

மண்ணை மாற்றுகிற இன்னொரு ஆள் இருக்கிறார். அவருக்குக் கண் கிடையாது, காது கிடையாது, கால் கிடையாது. யார்?

மண்புழு! சார்லஸ் டார்வின் என்ற பெரிய விஞ்ஞானியின் பெயரைக் கேட்டிருப்பாய். அவர் கடைசியாக எழுதிய புத்தகம் மண்புழுவைப் பற்றித்தான். அது 1881-ல் வந்தது. மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க அவர் விசில் ஊதினார். அவர் மகன் பஸ்ஸூன் என்ற குழலை வாசித்தார். அது நம் நாகஸ்வரத்துக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். மண்புழு அசையவே இல்லை. ஆனால் புழு இருந்த தொட்டியைப் பியானோவின் மேலே வைத்து ஒரு கட்டையை அழுத்தினால், சட்டென்று வளைக்குள் ஓடி ஒளிந்தது. ஒலி கேட்கவில்லை, அதிர்வு தெரிகிறது! இப்படி வீடே சேர்ந்து புழுவுக்குக் கச்சேரி நடத்தியது.

டார்வினுக்குப் பொறுமை அதிகம். 1842-ல் தம் வீட்டுக்குப் பக்கத்து நிலத்தில் சுண்ணாம்புக் கல் துண்டுகளைத் தூவச் செய்தார். 29 வருஷம் காத்திருந்தார். 1871-ல் அங்கே தோண்டினார். வெள்ளைத் துண்டுகள் ஒரு கோடு போட்ட மாதிரி 7 அங்குல ஆழத்தில் இருந்தன. யாரும் புதைக்கவில்லை. மண்புழு அடியிலிருந்து மண்ணைத் தின்று, மேலே வந்து குட்டிக் குட்டிக் குவியலாகக் கழித்துவிட்டுப் போகும். நம் தோட்டத்தில் மழைக்குப் பிறகு முறுக்குப் பிழிந்த மாதிரி கிடக்குமே, அதுதான். இப்படி மேல்மண் உயர உயர, கல் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

அதனால்தான் மேனர் வீட்டின் தரைக்கல், உடைந்த சட்டி, தவறவிட்ட காசு எல்லாம் புல்லுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. புழு ஒரு பக்கம் இப்படிக் காப்பாற்றுகிறது. இன்னொரு பக்கம், சரிவில் கழித்த மண் மழையில் உருண்டு கீழே போகும். அதனால் மேடு கொஞ்சம் தேயவும் செய்கிறது. ஆனால் புழுவைவிடப் பெரிய எதிரி டிராக்டர்தான். சென்ற நூற்றாண்டில் ஆழமாக உழுததில் எத்தனையோ மேடுகள் மாயமாகிவிட்டன. ஆடு மேய்ந்த இடங்கள் தப்பின.

சரி, தேய்ந்துபோன மேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? சில மேடுகள் ஒரு சாண்தான் இருக்கும். மேலே நின்றால்கூடத் தெரியாது.

காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது கொடிக்கம்பத்தின் நிழலைக் கவனித்தது உண்டா? மைதானம் முழுக்க நீளமாகக் கிடக்கும். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது? கம்பத்தின் காலடியில் சுருண்டு படுத்திருக்கும். கம்பம் அதேதான். சூரியன் தாழ்வாக இருந்தால் நிழல் நீளம். அவ்வளவுதான் ரகசியம்.

இங்கிலாந்து வடக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே டிசம்பர் மாதம் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அப்போது ஒரு முழ உயர மேட்டுக்கு ஏறக்குறைய நாலு முழ நிழல் விழும்! கோடையில் தட்டையாகத் தெரிந்த வயல், குளிர்காலச் சாயங்காலத்தில் கோடு கோடாக எழுந்து நிற்கும். இன்று ராத்திரி நீயே செய்து பார். விளக்கை அணைத்துவிட்டு, கசங்கிய போர்வையின் மேல் டார்ச்சை நேர் மேலே இருந்து அடி. ஒன்றும் தெரியாது. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடி. ஒவ்வொரு சுருக்கமும் மலையாகத் தெரியும்.

இன்னொரு வழி, செடியிடம் கேட்பது. உழுது சமமாக்கிய வயலில் பார்லி விதைத்தால், பழைய அகழி இருந்த இடத்தில் வேருக்குக் கீழே ஈரமும் உரமும் கிடைக்கும். பயிர் அங்கே உயரமாகவும் கரும்பச்சையாகவும் வளரும். புதைந்த சுவருக்கு மேலே வேர் முட்டிக்கொண்டு நிற்கும். பயிர் அங்கே குட்டையாகி, சீக்கிரம் பழுத்துவிடும். கடுமையான வறட்சி வரும் வருஷம் விவசாயிக்குத் துக்கம், தொல்லியலாளருக்குக் கொண்டாட்டம். 2018 கோடையில் அப்படித்தான் எத்தனையோ பழைய வீடுகள் வயலில் கோடுகளாகத் தெரிந்தன.

அங்கே நெட்டில் என்று ஒரு செடி உண்டு. நம் செந்தட்டி மாதிரி தொட்டால் அரிப்புதான்! மனிதரும் மாடும் நெடுநாள் வாழ்ந்து, சாம்பலும் எலும்பும் சாணமும் கொட்டிய மண்ணில் பாஸ்பரஸ் சத்து நிறைய இருக்கும். நெட்டிலுக்கு அது பிடித்த சாப்பாடு. யாருமே இல்லாத வெளியில் ஒரு திட்டாக நெட்டில் அடர்ந்திருந்தால், அங்கே முன்பு அடுப்பு எரிந்திருக்கலாம்.

ஆனால் இந்தக் கோடுகளை எல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டுமானால் மேலே போக வேண்டும். கோலத்தின் மேலேயே ஊர்கிற எறும்புக்குக் கோலம் தெரியுமா? மாடியிலிருந்து பார்க்கிற உனக்குத் தெரியும்.

நீ பட்டம் விட்டிருக்கிறாயே, அந்தப் பட்டத்தில் ஒரு கேமராவைக் கட்டினால்? சிரிக்காதே! நூறு வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டார்கள். ஹென்றி வெல்கம் என்பவர் 1910-க்கும் 1914-க்கும் இடையில் சூடான் நாட்டில் அகழாய்வு செய்தபோது, பெட்டி வடிவப் பட்டங்களில் கேமராவை ஏற்றிப் படம் எடுத்தார். அதற்கும் முன்னால், 1906-ல், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைப் படைப் பலூனில் ஏறி ஒருவர் படம் எடுத்தார். பிறகு முதல் உலகப் போர் வந்தது. கிராஃபோர்ட் என்பவர் அதில் விமானத்தில் உட்கார்ந்து கீழே வேவு பார்க்கும் வேலை செய்தார். போர் முடிந்ததும் அதே கண்ணால் இங்கிலாந்தின் வயல்களைப் பார்க்க ஆரம்பித்தார். 1928-ல் கெய்லர் என்ற நண்பரோடு சேர்ந்து, வானத்திலிருந்து எடுத்த படங்களையே ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

மரம் மூடிய இடத்தை எப்படிப் பார்ப்பது? மாந்தோப்புக்குள் நடுப்பகலில் போயிருக்கிறாயா? எவ்வளவு இலை இருந்தாலும் தரையில் காசு காசாக வெயில் விழுந்திருக்கும். வெயில் நுழைகிற சந்தில் லேசர் ஒளியும் நுழையும்! விமானத்திலிருந்து லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புவார்கள். பல துடிப்புகள் இலையில் பட்டுத் திரும்பிவிடும். சில மட்டும் தரையைத் தொட்டுத் திரும்பும். போய்வர எடுத்த நேரத்தை அளந்தால் தூரம் தெரியும். இலையில் பட்டதை எல்லாம் கணினியில் ஒதுக்கிவிட்டால், மரமே இல்லாத வெறும் தரை திரையில் வரும். இதற்கு லைடார் என்று பெயர். இங்கிலாந்து அரசு இந்த அளவுகளை 2015 முதல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. உன்னைப் போன்ற பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தபடியே காட்டுக்குள் அகழி தேடலாம்.

களைத்துவிட்டாயா? கொஞ்சம் தண்ணீர் குடி. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அகழிக்கு வெளியே வா. அதோ, செவ்வகமாக வரிசையாக மூன்று பள்ளம். மீன் குளங்கள். அந்தக் காலக் கிறிஸ்தவர்கள் வெள்ளிக்கிழமையும் நோன்பு நாள்களிலும் இறைச்சி தொடமாட்டார்கள். மீனுக்குத் தடையில்லை. அதனால் பிரபு வீட்டில் மீன் வளர்த்தார்கள். இதோ, இந்த நீளமான தலையணை மாதிரி மேடு? முயல் வளர்த்த இடம். வளை தோண்ட வசதியாக இளக்கமான மண்ணைக் குவித்துக் கொடுத்தார்கள்!

அதற்கு அப்பால் வயல் முழுக்க அலை அலையாகத் தெரிகிறதே, அது என்ன? அது உழவு. அந்தக் காலத்துக் கலப்பை மண்ணை எப்போதும் வலப்பக்கம்தான் புரட்டிப் போடும். ஒரு கீற்று நிலத்தை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி உழுதால், மண் நடுவில் சேர்ந்து மேடாகும், ஓரம் சாலாகும். வருஷா வருஷம் அப்படியே. கூர்ந்து பார், அந்த மேடுகள் நேராக இல்லை. லேசாக நெளிந்திருக்கின்றன. எட்டு மாடு வரை பூட்டிய நீளமான ஏர் அது. வயல் முடிகிற இடத்தில் சட்டென்று திரும்ப முடியுமா? நீளமான லாரி முக்கு வருவதற்கு முன்பே ஒதுங்கித் திரும்புகிறதே, அப்படித்தான் மாடுகளும் முன்கூட்டியே வளையத் தொடங்கின. மாடுகள் திரும்பிய வளைவு இன்னும் புல்லில் இருக்கிறது.

யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்ற ஊரில் இதெல்லாம் சேர்ந்தே கிடக்கிறது. வீட்டு மேடுகள், தெரு, மேனர் எல்லாம். 1500-ஐ ஒட்டி, உழவைவிட ஆட்டில் லாபம் அதிகம் என்று கடைசிக் குடும்பங்களையும் வெளியேற்றிவிட்டார்கள். அங்கே 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் தோண்டினார்கள். ஒரு குடியானவர் வீட்டைத் தோண்டியபோது, அதற்கும் அடியில் பழைய பிரபு வீடு ஒன்றின் கல் அறை கிடைத்தது!

அகழியின் அடிச் சேற்றைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. பாட்டி மாங்காய் ஊறுகாய் போடும்போது மேலே எண்ணெய் நிற்க வேண்டும் என்பார், ஏன்? எண்ணெய்க்கு மேலே தலை நீட்டிய துண்டில் பூஞ்சை பிடிக்கும். மூழ்கிய துண்டு கெடாது, காற்றுப் படாததால். அகழிச் சேறும் அப்படித்தான். காற்று புகாததால் அழுகவைக்கும் நுண்ணுயிர்களால் அங்கே வேகமாக வேலை செய்ய முடியாது. அதனால் மேட்டில் போட்ட மரமும் தோலும் மக்கிப்போக, சேற்றில் விழுந்த செருப்பு, மரக் கிண்ணம், பழக் கொட்டை, பூவின் மகரந்தம் எல்லாம் நூற்றாண்டுகள் தாண்டியும் கிடைக்கின்றன. ஒரு பிள்ளை தவறவிட்ட செருப்பு!

‘அப்படியானால் உடனே தோண்டலாமே!’ என்று துள்ளுகிறாய். பொறு. தோண்டுவது புத்தகத்தைப் படித்துக்கொண்டே பக்கத்தைக் கிழிப்பது மாதிரி. ஒருமுறைதான் படிக்கலாம். அதனால் முக்கியமான இடங்களை இங்கிலாந்தில் சட்டம் போட்டுக் காக்கிறார்கள். முதல் சட்டம் 1882-லேயே வந்தது. அனுமதி இல்லாமல் அங்கே மண்வெட்டி வைக்கக்கூடாது. உலோகம் தேடும் கருவியும் கூடாது.

ஆனால் ஒருவர் மட்டும் அந்தச் சட்டத்தை மதிப்பதே இல்லை. அகழெலி! தமிழின் அழகைப் பார். அகழ் என்றால் தோண்டு. தோண்டிய பள்ளம் அகழி. தோண்டிப் பார்க்கும் ஆய்வு அகழாய்வு. தோண்டும் எலி அகழெலி. மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இங்கிலாந்தின் வடபகுதியில் எபியாக்கம் என்று ஒரு ரோமானியக் கோட்டை புல்லுக்கு அடியில் கிடக்கிறது. மனிதர் தோண்டத் தடை. அகழெலியோ மண்புழுவைத் தேடி இரவும் பகலும் சுரங்கம் வெட்டி, மண்ணை மேலே தள்ளிக் குட்டிக் குட்டிக் குவியலாக விட்டுப் போகிறது. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். ‘நாம் தோண்டினால்தானே தப்பு? இது தோண்டிப் போட்டதைச் சலித்தால்?’ என்று யோசித்தார்கள். முறையாக அனுமதி வாங்கினார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் சல்லடையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு எண் போட்டார்கள். மண்ணைச் சலித்தார்கள். பானை ஓடு வந்தது. கண்ணாடித் துண்டு வந்தது. மணி வந்தது. எது எந்தக் குவியலில் கிடைத்தது என்று வரைபடத்தில் குறித்தார்கள். சலித்த மண்ணைத் திரும்ப அங்கேயே கொட்டினார்கள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், புதிதாக இன்னும் நாலு குவியல் இருக்கும்.